சீழ் வைத்ததற்குப் பாயசம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். குமரி-கேரள எல்லையில், பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடை போகும் வழியில் எங்கள் வீடு. இரண்டாவதாக மகன் பிறந்திருந்தான். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டி, காதில் பெயர் விளிக்க வேண்டும்; 'இருபத்தெட்டு கெட்டு' என்போம். பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் பயலின் தொப்புள்கொடி விழவே இல்லை! எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டியது, காய்ந்து வயிற்றிலேயே தொங்கியது. சுற்றிலும் சிவப்பு வேறு.

"நல்ல கெட்டிப் பிள்ளையாக்கும் மக்களே, அதான் கொடியும் கெட்டியா இருக்கு" என்றார் மாமியார். எனக்கும் பெருமைதான். புண்ணில் சொட்டுச் சீழ் இல்லையே, பிறகென்ன பயம்? காய்ச்சல் வந்த பிறகுதான் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சீழ் வந்ததா என்று டாக்டர் கேட்டார். சீழை நாங்கள் சலம் என்போம். "ஒரு துளி சலம் இல்ல சாரே, சுத்தமாக்கும்!" என்றேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி. அவர் முகம் மாறிவிட்டது.

ரத்தத்தைச் சோதித்தால், வெள்ளை அணுக்கள் ஏராளம். ஆனால் புண் இருக்கும் இடத்தில் அவை ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்து நின்று, பிறகு வெளியே இறங்க வேண்டுமாம். அப்படிப் பிடிக்க உதவும் புரதத்தை உண்டாக்கும் ஜீன் இவனுக்குப் பழுது. கிருமியோடு சண்டையிட்டுச் செத்த அணுக்கள்தான் சீழ். இவனுக்குச் சண்டைக்கே ஆள் வரவில்லை. சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஆமாம், அத்தை மகன்தான். பழுது இரண்டு பேரிடமிருந்தும் போயிருக்கிறது. சின்னப் புண்கூடப் பிள்ளையைக் கொண்டுபோய்விடும், வெள்ளை அணுக்கள் உண்டாவது எலும்பு மஜ்ஜையில்தான், பொருத்தமான மஜ்ஜையை யாராவது கொடுத்தால் பிழைப்பான் என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டு அழுதேன்.

ஏழு வயதான என் மூத்த மகளின் மஜ்ஜை பொருந்தியது. ஊசி என்றால் ஊரையே கூட்டுகிறவள், "தம்பிக்கு நான் தாறேன். ஆனா பேரு நான்தான் விளிப்பேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வந்து, தள்ளிப்போட்டிருந்த பெயரைச் சொன்னபடியே அவள்தான் அவன் காதில் விளித்தாள்.

எனக்கு மட்டும் பயம் போகவில்லை. நடக்கப் பழகும்போது முற்றத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால், அம்மாடியோ, மஞ்சளாகச் சீழ்! அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"எக்கா, ஓடி வாங்க! எனக்க பிள்ளைக்குச் சலம் வச்சிருக்கு!"

"எட்டீ, அதுக்கு ஏன் சிரிக்கே? கிறுக்கு பிடிச்சிருக்கா?"

டாக்டரிடம் காட்டினோம், அவரும் சிரித்துக்கொண்டேதான் மருந்து போட்டார். வீடு வந்ததும் கணவர் பாயசத்துக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தார். மூத்தவள் தம்பியின் முட்டியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் எனக்க ஆளுவளாக்கும்."

இன்றும் யாராவது புண் பழுத்துவிட்டது என்று புலம்பினால், அவர்களுக்கு முன்னால் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள நான் படாத பாடு படுகிறேன்.