மூன்று தரம் கூப்பிட்டார்கள்

மற்ற பிள்ளைகள் தீபாவளிக்கு நாள் எண்ணுவார்கள். நான் வாய்தாவுக்கு எண்ணினேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு எட்டு வயசு. கடலூர் முதுநகரில் அப்பாவோடு இருந்தேன். அம்மா சிதம்பரத்தில், சைக்கிள் கடை வைத்திருந்த மாமா வீட்டில். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்ததென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அம்மா போட்ட வழக்கு மட்டும் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்தால், விளக்கு வைக்கும் வரை நானும் சுவர்க்கடிகாரமும்தான். நான் ஏதாவது சொல்வேன். அது மணிக்கொரு தரம் பதில் சொல்லும்.

கோர்ட்டுப் படி ஏறுவதை எங்கள் பக்கத்து ஜனங்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், வீட்டில் யாருக்கோ வியாதி என்பது போல. எனக்கோ அது திருவிழா. யாரிடம் இருக்க இஷ்டம் என்று ஜட்ஜ் என்னைக் கேட்டாலும் கேட்பார் என வக்கீல் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அம்மா காலை ரயிலில் மாமாவோடு வருவாள். மடியில் ஒரு தூக்கு, அதில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். வாய்தா தள்ளிப்போனதும் வேப்பமரத்தடியில் எனக்கு ஊட்டிவிடுவாள். அப்பா அப்போது பார்க்காத மாதிரி சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவார்.

பெண்பிள்ளைகள் கோர்ட்டு வராந்தாவில் ஆண்களோடு நிற்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. மரத்தடியில் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பெயர் கூப்பிட்டால், கூட வந்த ஆம்பளை ஓடிவந்து சொல்ல வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் வக்கீல் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். அவரைத் தேடி மாமா போயிருந்தார். அப்பா என்னை வராந்தாத் தூணருகே நிறுத்தினார்.

"இங்க வாயத் தொறக்கக் கூடாது, தெரியுதா? அப்பா மானத்தக் காப்பாத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்ட டவாலி வாசலுக்கு வந்து அம்மா பெயரைக் கூப்பிட்டார். எனக்கு டவாலியின் குரல் ரொம்பப் பிடிக்கும். மூன்று தரம் கூப்பிடுவார் என்று தெரியும்; வீட்டில் கடிகாரத்தின் முன்னால் நின்று நானே கூப்பிட்டு விளையாடியிருக்கிறேன். ஒரு விரலை மடக்கினேன். மரத்தடியில் அம்மா திரும்பவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜட்கா வண்டியும் கூட்டத்தின் இரைச்சலும். இரண்டாம் தரம். இன்னொரு விரல். நான் ஓடினால் பத்தே எட்டில் அவளிடம் போய்விடலாம். மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு டவாலி உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் அம்மா திரும்பினாள். மாமாவைத் தேடியிருப்பாள். கண்ணில் பட்டது நான். "என்னாடி?" என்பது போலத் தலையை அசைத்தாள். நான் சமத்தாக உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

மாமா மூச்சிரைக்க ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா ஆஜராகவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

அப்பா என்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார். மரத்தடியில் தூக்கு மட்டும் இருந்தது.

"அடுத்த வாய்தா எப்பப்பா?"

"இனிமே வாய்தாவே கெடையாதும்மா. நாம ஜெயிச்சிட்டோம்."

ஜெயித்தவர்களுக்கு ஏன் கொத்சு கிடையாது என்று கடிகாரத்திடம் பல நாள் கேட்டேன்.

அம்மா செத்துப்போன பிறகு, காரியத்தன்று மாமாதான் சொன்னார்: "மறுபடி ஒரு மனு போட்டா கேஸு எழுந்துடும்னு வக்கீலு தலபாடா அடிச்சிக்கிட்டாரும்மா. உங்கம்மாதான் வேணாம்னிடுச்சி. 'எம் பொண்ணே வாயில வெரல வச்சி, பேசாதன்னு சொல்லிட்டா. அப்புறம் எனக்கு என்னாத்துக்குண்ணே கோர்ட்டு'ன்னு கேட்டுச்சி."

ஜட்ஜ் கடைசிவரை என்னைக் கேட்கவேயில்லை. மரத்தடியிலிருந்து தலையை அசைத்து அம்மா கேட்டுவிட்டதும், நான் பதில் சொல்லிவிட்டதும் அந்த எட்டு வயசில் எனக்குத் தெரியாது.