ஃப்ரீசருக்குள் ஒரு கடிகாரம்

அந்தக் கடிகாரக் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு அம்மாள். பதினெட்டு வருஷமாக அவளை எல்லோரும் 'செகண்டு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு செகண்டு பிசகினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஒரே வாரத்தில் இரண்டு புகார்கள் வந்தன. சலவைக் கம்பெனியின் இஸ்திரிக் கூடத்தில் கடிகாரம் பின்தங்குகிறது. குளிர்பதனக் கிடங்கிலும் பின்தங்குகிறது. மேனேஜர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"சூட்டுல மெதுவா ஓடுச்சுன்னா குளிர்ல வேகமாத்தானே ஓடணும்? கிடங்குக்காரன் புளுகுறான்."

"இல்ல சார்," என்றாள் அக்கா. "உள்ள துடிக்கிற குவார்ட்ஸ் துண்டுக்கு இருபத்தஞ்சு டிகிரிதான் தோது. சூடு கூடினாலும் மெது, குளிர் கூடினாலும் மெது."

"அது என்ன, உங்க வீட்டுக்காரரா?"

"அவர் இருபத்தஞ்சுலயும் மெதுதான் சார்."

அறையே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. 'பொய்ப் புகார்' என்று கிடங்குக்குக் காட்டமாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துல்லியமாக ஓடும் மூன்று கடிகாரங்களை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். ஒன்று கூடத்துச் சுவரில். ஒன்று, பல்பு எரியும் அட்டைப்பெட்டிக்குள், அறுபது டிகிரியில். ஒன்று ஃப்ரீசருக்குள். குளிரில் பேட்டரி படுத்துவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாதே. அதனால் மெல்லிய ஒயர் இழுத்துப் பேட்டரியை வெளியே வைத்தாள்.

ஃப்ரீசரைத் திறந்த வீட்டுக்காரர் அலறினார்.

"என்னடி இது, ஐஸ் எடுக்கப் போனா மணி காட்டுது?"

"பத்து நாள் கதவைத் திறக்காதீங்க. ஐஸ் இல்லாம யாரும் செத்துடல."

பத்தாம் நாள் பார்த்தாள். கூடத்துக் கடிகாரம் பிசகாமல் சரியாக இருந்தது. பெட்டிக்குள் இருந்தது அரை நிமிஷத்துக்கு மேல் பின்னால். ஃப்ரீசரில் இருந்தது கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் பின்னால்.

மூன்றையும் மேனேஜர் மேசையில் வரிசையாக வைத்தாள். அவர் தன் போனைப் பார்த்தார், கடிகாரங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கடிதத்தை நீங்களே எழுதிடுங்கம்மா. கையெழுத்துப் போட்டுடறேன்."

எழுதினாள்: 'குவார்ட்ஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் பேசிவிட்டேன். வெப்பத்தை அளந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம் ஒன்றை அனுப்புகிறேன்.' போனில் பேசிக்கொண்டே, படிக்காமல், மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாளில் கிடங்குக்காரர் கூப்பிட்டார்.

"சார், உங்களை மாதிரி ஒரு யோக்கியமான மேனேஜரை நான் பார்த்ததே இல்ல! நீங்க அனுப்பின கடிகாரம் மாதிரி இன்னும் பத்து அனுப்புங்க."

அந்த வாரம் முழுக்க மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எதற்காக அந்தப் பாராட்டு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.