பேனரின் இடது மூலை

சென்னையின் பெரிய கால்பந்து கிளப் ஒன்று வெளிநாட்டிலிருந்து பேர்பெற்ற பயிற்சியாளரைக் கொண்டுவந்தபோது, மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பமே கொண்டாடியது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. போன சீசனில் பழைய பயிற்சியாளர் பாதியில் விலகிவிட, தோற்றுக்கொண்டிருந்த அந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர், அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்த என் வீட்டுக்காரர். பயிற்சியாளர் இடம் இனி அவருக்குத்தான் என்று நம்பியிருந்தோம். புதியவர் வரும் செய்தியை அவரே செல்போனில்தான் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை முதல் பழையபடி, புதியவருக்கு உதவியாளராக வரலாமாம்.

"இனிமே பந்தே வாணாம். உங்கண்ணன்கூட கடலுக்குப் போறேன்" என்று ஷூவைப் பரண்மேல் எறிந்துவிட்டுப் படுத்துவிட்டார். சாயங்காலம் கடற்கரையில் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பதும் நின்றுபோயிற்று. பந்தை விட்டால் அந்த மனுஷனிடம் பேச்சும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. கட்டிக்கொண்ட எனக்குத் தெரியாதா?

ஊர் சும்மா இருந்ததா? அணுமின் நிலையத்துக்காரர்கள் இருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு மீன் விற்கக் கொண்டுபோனால், வஞ்சிரம் வாங்க வந்த அம்மா, "உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்! அந்த கோச்கூட ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பச் சொல்லேன்" என்றார். அன்று அவருக்கு நான் மீன் ஆய்ந்து தரவில்லை. எங்கள் டீக்கடைக்காரருக்கோ ஆறுதல் சொல்கிற நினைப்பு. "இன்னா பண்றது தங்கச்சி, உள்ளூர் மாடு வெல போவாது."

"எம் புருசன் மாடு இல்ல அண்ணாத்த. நீ டீய ஆத்து" என்றேன்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது பேனர். குப்பத்து முனையில் பையன்கள் கட்டியிருந்தார்கள். நடுவில் அந்த வெளிநாட்டார் ஆள் உயரத்துக்குச் சிரிக்கிறார். 'கால்பந்துச் சிங்கமே வருக வருக!' கீழே வரிசையாக எங்கள் பையன்கள், கூலிங் கிளாஸும் காதில் செல்போனுமாக, ஸ்டாம்பு அளவில். அந்த வரிசையில் இடது மூலையில் என் வீட்டுக்காரர். அவருடைய இடத்தைப் பிடித்தவரை அவரே கும்பிட்டு வரவேற்கிறார்!

"இத்த யார்றா வெச்சது?"

"நாங்கதான் அண்ணி. அண்ணன் இல்லாம பேனரா? அதான் மொத ஆளா போட்டோம்."

பாசத்தில்தான் செய்திருந்தார்கள். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கூடையிலிருந்த மீன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன்.

"அண்ணி, இன்னா பண்ணிகினு கீற?"

"வரவேத்தாச்சு இல்ல? இனிமே இது நம்ம பசங்களுக்கு ஒழைக்கட்டும்."

கடற்கரையில் எங்கள் கோலுக்கு வலை கிடையாது. கோல் விழுந்தால் பந்து சவுக்குத்தோப்புக்குப் போய்விடும். அன்று சாயங்காலம் பேனரை இரண்டு கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவருடைய விசிலை நானே ஊதினேன். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். எல்லாரும் நடுவிலிருந்த பெரிய முகத்தைப் பார்த்தே அடித்தார்கள். "அப்டித்தான், மூக்குலயே வுடு!" என்று கத்தினேன். பொய் சொல்வானேன், மனசு குளிர்ந்தது. ஆனால் கோலில் நின்ற பெண் ஒவ்வொரு பந்தையும் நின்ற இடத்திலேயே பிடித்தாள்.

விசில் சத்தம் கேட்டு அவர் வந்து நின்றார். பேனரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். விசிலை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"நடுவுல அடிச்சா கீப்பர் கைக்குத்தான்டா போவும். கீய மூலையில நான் கீறன் பாரு, அங்க அடி. எவனாலயும் தொட முடியாது."

"அண்ணா, உன் மூஞ்சில படுமே?" என்றாள் ஒருத்தி.

"படட்டும். அடி."

அடுத்த பந்து அவருடைய நெற்றியிலேயே போய் மோதியது. கோல்! அத்தனை நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன். இருட்டும்வரை அந்த மூலைக்கே அடிக்கவைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "திங்கக்கெயம போறேன். அந்தாளு இன்னாதான் சொல்லித் தரான், பாக்கலாம்" என்றார்.

"அவரும் உன்கிட்ட கத்துக்கட்டும்" என்றேன்.

ஷூவைப் பரணிலிருந்து காலையிலேயே இறக்கி, மண் தட்டி வைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.