மூன்றாம் பட்டியின் இடமும் வலமும்

நாங்கள் உயிலங்குளத்துக்குத் திரும்பி வந்த இரண்டாம் வருசம், கால்நடைக் கந்தோரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் கதவைத் திறக்க வேண்டும், கூட்ட வேண்டும், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும், பிறகு கணினியை எழுப்பிவிட வேண்டும். எட்டாம் வகுப்போடு வயலுக்குள் இறங்கியவன் நான். முதல் மூன்று வேலையும் எனக்குத் தெரியும். நாலாவதைச் சொல்லித் தந்தவள், மன்னார்த் தீவிலிருந்து கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்துபோன ஒரு பிள்ளை. வேதக்காரப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். முப்பது வயதுக்குள் இருக்கும்.

சண்டை எங்கள் பக்கம் வந்தபோது, வீட்டைவிட்டு ஓடிய சனம் கடைசியாகச் செய்த காரியம் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டதுதான். கட்டியபடி விட்டால் செத்துப்போகும் என்ற பயம். அப்படி அவிழ்த்துவிட்ட மாடுகள் வருசக்கணக்காகக் காட்டில் திரிந்தன. அவற்றைப் பிடித்து மூன்று பட்டிகளில் அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஓர் இலக்கம் கட்டி, அதற்கொரு படிவம் வைத்திருந்தார்கள். நிறம் என்ன, கொம்பு எப்படி, சுட்டிருக்கும் குறி என்ன, அது எந்தத் தொடையில் என்று அதில் எழுதுவார்கள். அந்தப் படிவங்களைப் பிள்ளை கணினிக்குள் ஏற்றுவாள். ஊர்ச் சனம் வந்து தங்கள் குறியைச் சொன்னால், அது இருக்கிறதா என்று தேடிச் சொல்வாள்.

அந்தக் கணினியில் படம் எதுவும் வராது. யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய பெட்டி. கறுத்தத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். உள்ளே தரவுத்தளம் என்று ஒன்று இருக்கிறதாம், மாடுகளெல்லாம் அதற்குள் வரிவரியாக நிற்கின்றனவாம். அதைக் காலையில் எழுப்பவும் பின்னேரம் படுக்கவைக்கவும் எந்தச் சொற்களைத் தட்ட வேண்டும் என்று ஒரு மட்டையில் எழுதித் தந்திருந்தாள். ஆங்கில எழுத்துகள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் தட்டுவேன். அது இரகசியச் சொல்லைக் கேட்கும். அதைத் தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட விழாது. முதல் நாள் கீபோர்ட் பழுது என்றே நினைத்தேன். தெரியாவிட்டாலும் அது வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். வாய்க்குள்ளே சொல்கிற மந்திரத்தைப் பிள்ளையார் வாங்கிக்கொள்கிற மாதிரி என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் எனக்குப் பயமாக இருந்தது. சொல்லைத் தட்டி முடித்தால் அது பதில் சொல்லாது. பேசாமல் அடுத்த வரிக்குப் போய் நிற்கும். எழும்பியதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

“அது பேசாமல் இருந்தால் எல்லாம் சரி எண்டு அர்த்தம் அண்ணை. பிழையெண்டால்தான் வாய் திறக்கும்” என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. காலையில் சாமி படத்துக்கு விளக்கு வைத்தபின், பெட்டிக்கும் கொஞ்சம் திருநீறு பூசினேன். ஒரு கிழமை போனபின் பிள்ளை பார்த்துவிட்டாள். உள்ளே காத்தாடி ஒன்று சுற்றுகிறது, அது திருநீற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும், பிறகு உங்கள் பிள்ளையாரே வந்தாலும் திருத்த ஏலாது என்று சிரித்தாள். நான் திருநீற்றை மேசைக் காலுக்கு மாற்றினேன்.

இனி என் வீட்டு விசயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்கு அவளுடைய தகப்பன் சீதனமாகக் கொடுத்த பசுவின் வழியில் வந்த ஒரு சிவலைக் கன்று எங்களிடம் இருந்தது. குறி சுட்ட அடுத்த மாதம் நாங்கள் ஓட வேண்டியதாயிற்று. தாய்ப்பசு ஷெல்பட்டுச் செத்தது. கன்றின் கயிற்றை அறுத்தவள் என் மனைவிதான். தகப்பனின் நினைவாக அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு சீவன்தான். முகாமில் இருந்த காலத்திலும் அது எங்கே நிற்கிறதோ, தண்ணி கண்டதோ என்று கேட்டபடியே இருந்தாள். நான் கந்தோருக்குப் போகத் தொடங்கியபின் ஒவ்வொரு பின்னேரமும் வாசலில் வைத்தே கேட்பாள். “இஞ்சேருங்கோ, இண்டைக்குப் பெட்டி என்ன சொன்னது?”

அவள் பிறந்த வீட்டுக் குறியையே கன்றுக்கும் சுட்டிருந்தோம், ஒரு சூலமும் கீழே ஒரு புள்ளியும். அவளுடைய தகப்பனும் பெரியப்பாவும் ஒரே குறியைத்தான் வைத்திருந்தார்கள். பாகம் பிரித்தபோது குறியைப் பிரிக்க மனமில்லாமல் பக்கத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவருக்கு வலத் தொடை, இளையவருக்கு இடத் தொடை. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிமார் அப்படிச் செய்வது வழக்கம்.

பிள்ளை தேடிப் பார்த்தாள். சூலம், புள்ளி, இடம் என்று தட்டினாள். நான் இமை மூடித் திறப்பதற்குள் பெட்டி மூன்று பட்டியையும் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றது. மூன்று பட்டியையும் நான் கால்நடையாகச் சுற்ற மூன்று நாள் வேண்டும். பக்கத்தை விட்டுவிட்டு, சூலமும் புள்ளியும் மட்டும் என்று கேட்டாள். ஒரே ஒரு வரி வந்தது. மூன்றாம் பட்டி, சிவலைப் பசு, சூலமும் புள்ளியும், வலத் தொடை.

வலம் என்றால் அது பெரியப்பா வீட்டு மாடு. அவர்கள் குடும்பத்தோடு கடல் தாண்டிப் போய்விட்டார்கள், கேட்க ஒருவரும் இல்லை. வீட்டில் வந்து சொன்னேன். அவள் சுளகில் இருந்த அரிசியைப் புடைத்து முடித்தாள். பிறகு சொன்னாள்:

“ஆளில்லை எண்டு பெரியப்பான்ர மாட்டை நாங்கள் கேக்கேலுமோ? அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பாரோ?”

அந்த மாட்டை நாங்கள் கேட்கவில்லை. உரிமை கோராத மாடுகளை, மாடு இல்லாத குடும்பங்களுக்கு மாசக் கடைசியில் பங்கிட்டுக் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். அதோடு எங்கள் தேடலும் முடிந்துவிடும். மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது.

அந்த ஆறு நாளில் முதல் நாள், வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு வரும்படி என்னை வெள்ளாங்குளத்துப் பக்கம் இருந்த மூன்றாம் பட்டிக்கு அனுப்பினார்கள். போனபோது அங்கே இரண்டு பெடியள் படிவம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ரவுண் ஆட்கள், பட்டணத்தில் வளர்ந்தவர்கள், மாடு வளர்த்தவர்கள் இல்லை. மாடுகள் வேலியோரத் தொட்டியில் தலையை வைத்துத் தண்ணி குடித்தன. இவர்கள் உதைக்குப் பயந்து வேலிக்கு வெளியே, மாட்டின் முகத்துக்கு நேரே நின்று எட்டிப் பார்த்து எழுதினார்கள். ஒரு கறுத்த நாம்பன் காளைக்கு இடத் தொடையில் குறி இருந்தது. படிவத்தில் வலம் என்று எழுதுவதைப் பார்த்தேன்.

பிழை என்று சொன்னேன். எழுதியவன் தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு அது வலப் பக்கம்தான்.

மாட்டுக்குப் பின்னால் நடக்கிறவனுக்கு மாட்டின் இடமும் தன் இடமும் ஒன்று. நாங்கள் பிறந்ததிலிருந்து மாட்டை முதுகுப் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள், ஏர் பிடித்தாலும் சாய்த்துக்கொண்டு போனாலும் அப்படித்தான். முன்னால் நின்று இடம் வலம் சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. இதுவரை எத்தனை மாட்டை இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். இந்தப் பட்டி முழுக்க நாங்கள்தான் என்றார்கள். அப்படியென்றால் பெட்டி காட்டிய வலம் உண்மையில் இடம். மந்தைக்குள் இறங்கி எங்கள் மாட்டைத் தேடலாம் என்று மனம் சொன்னது. ஆனால் கடைசி பஸ் வந்துவிட்டது.

அடுத்த நாள் பிள்ளை வரும் நாள். சொன்னேன். அவள் கந்தோருக்குப் பொறுப்பான மிருக வைத்தியருக்குப் போன் எடுத்துச் சொல்லி அனுமதி வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உங்கட மாட்டை இப்பவே ஒரு வரியில மாத்திவிடலாம் அண்ணை.”

என் வாய்க்குள் சரி என்ற சொல் வந்து நின்றது. சுவாமி சாட்சியாகச் சொல்கிறேன், அது வெளியே வரப் பார்த்தது. கந்தோரில் வேலை செய்கிறவன் தன் மாட்டுக்காக ஒரு வரியைத் திருப்பினான் என்றால் அந்த மாட்டின் பாலை நான் எந்தச் சாமிக்கு வைப்பேன்? பட்டி முழுவதையும் மாற்றுங்கள், அதற்குள் எங்களுடையது இருந்தால் வரட்டும் என்றேன்.

அவள் சிலுவையை உதட்டில் வைத்து முத்திவிட்டுத் தட்டத் தொடங்கினாள். மூன்றாம் பட்டியில் இடம் என்று இருப்பதெல்லாம் வலம் ஆகட்டும் என்பது முதல் கட்டளை. ஒரு விரல் தட்டியதும், நூற்றுக்கு மேற்பட்ட வரி மாறிவிட்டதென்று பிள்ளை எண்ணிக்கை கேட்டுச் சொன்னாள். அங்கே மாடுகள் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், இங்கே அவற்றின் தொடை மாறிவிட்டது. அடுத்தது, வலம் என்று இருப்பதெல்லாம் இடம் ஆகட்டும். அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மனதில் ஒன்று இடறியது.

“பிள்ளை, முதல்லயே வலத்தில நிண்டதையும் இப்ப வந்ததையும் ஒரே பட்டிக்குள்ள விட்டாச்சே. இனி எப்பிடிப் பிரிப்பியள்?”

அவள் விரல் நின்றது. கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பட்டியில் எல்லா மாடும் வலமாகிவிட்டது. எது எதுவென்று சொல்ல உலகத்தில் ஒருவராலும் ஏலாது. ஊர்ச் சனத்தின் மாடுகளையெல்லாம் நானே தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் ஒரு சொல் தட்டினாள். ஒரே ஒரு சொல். பிறகு பட்டியலைக் கேட்டாள். இடம் இடமாகவும் வலம் வலமாகவும் பழையபடி நின்றன.

அழிந்தது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“அழியேல்ல அண்ணை. தொடங்கேக்கையே இது இன்னும் முடிவில்லை எண்டு பெட்டிக்குச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்கினனான். நான் முடிவாச் சரி எண்டு சொல்லுமட்டும் அது பழசையும் கையில வைச்சுக்கொண்டு நிக்கும்.”

எங்கள் வாழ்க்கையில் அப்படி ஒன்று இருந்ததில்லை. நாங்கள் விட்டுவிட்டு வந்தவற்றை ஒருவரும் கையில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆண்டவன் இதைவிடச் சின்னப் பெட்டியா?

இரண்டு மந்தையை இடம் மாற்ற வேண்டுமென்றால் நடுவில் ஒரு வெற்றுப் பட்டி வேண்டும் என்று சொன்னேன். முதல் மந்தையை அதற்குள் விட்டு, மற்றதை மாற்றி, பிறகு வெற்றுப் பட்டியிலிருந்து எடுக்க வேண்டும். பிள்ளை தலையாட்டினாள். இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு சொல்லைப் போட்டாள். மூன்று கட்டளை. எண்ணிக்கை சரியாக வந்தது.

ஆனால் முடிவாகச் சரி என்று அவள் சொல்லவில்லை. அப்படியே நிறுத்திவிட்டு மூன்றாம் பட்டிக்குப் போன் எடுத்தாள். ஐந்து மாட்டின் இலக்கத்தைச் சொல்லி, ஒவ்வொன்றையும் வாலுக்குப் பின்னால் நின்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். எங்களுடையதை அந்த ஐந்தில் சேர்க்கவில்லை, அது நான் கேட்டுக்கொண்டது. காத்திருந்தோம். போனில் மாடு கத்துவதும் ஒருவன் பாய்ந்து விலகுவதும் கேட்டது. அந்த நேரமெல்லாம் பட்டி முழுவதும் பழையதும் புதியதுமாக இரண்டு விதமாகவும் இருந்தது. நான் வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அவள் உதடும் அசைந்தது.

ஐந்தும் சரி என்று சொன்னார்கள். அவள் கடைசிச் சொல்லைத் தட்டினாள். திரை பேசாமல் அடுத்த வரிக்குப் போய் நின்றது. பிறகு சூலம், புள்ளி, இடம் என்று தேடினாள். வந்தது.

அந்தக் கிழமை ஒன்பது பேர் கயிற்றோடு வந்து தங்கள் மாடுகளைக் கொண்டுபோனார்கள். எனக்கு ஏச்சும் கிடைத்தது. பக்கம் மாறி எழுதியதால் வேறு ஒருவருடைய எருதைக் கொண்டுபோயிருந்த ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டி வந்தது. வாசலில் நின்று, மாடு மேய்க்கத் தெரியாதவனெல்லாம் இப்போது பெட்டி மேய்க்கிறான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நெடுநாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

மாசக் கடைசிக்கு முதல் நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு பட்டிக்குப் போனேன். அவள் பசுவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய், இடத் தொடையில் கையை வைத்து, சூலத்தைத் தடவி, கீழே புள்ளியைத் தேடினாள். கன்றாக விட்டது பெரிய பசுவாகியிருந்தது. வடு இழுபட்டு விரிந்திருந்தது. பசு அவளை அடையாளம் கண்டது என்று சொன்னால் பொய். அது அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் காலுக்குள் ஒரு கன்றும், கொஞ்சம் தள்ளி ஒரு கிடாரியும் நின்றன. காட்டில் பிறந்தவை, இரண்டுக்கும் குறி இல்லை. தாயோடு நிற்கும் கன்றுகள் தாயோடு போகும் என்பது விதி.

படிவம் எழுதிய பெடியன் மாட்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, கன்றுகளுக்கு என்ன குறி சுடப்போகிறீர்கள் என்று கேட்டான். மனைவி சூலத்தில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

“அதுகளுக்குச் சூடு வேண்டாம். காதில இலக்கத் தகடு போட்டாலே காணும்.”

அடுத்த நாள் அந்த இரண்டையும் நானே ஏற்றினேன். நான் எழுப்புகிறவன், படுக்கவைக்கிறவன். உள்ளே ஒரு வரி எழுதியது அன்றுதான் முதல். பிள்ளை பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நிறம் எழுதினேன், தகட்டு இலக்கம் எழுதினேன். குறி என்ற இடத்திலும் பக்கம் என்ற இடத்திலும் ஒன்றும் எழுதாமல் விட்டேன். அதற்கு அது கோபிக்காதா என்று கேட்டேன். தட்டிப் பார்க்கச் சொன்னாள். தட்டினேன். அது ஒன்றும் பேசவில்லை.