அவிழ்த்தவள் கோத்த நூல்

ஆயுத பூஜைக்காக ஓவர்லாக் மிஷினைத் துடைக்க உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு முடிச்சு. தீரப்போகும் வெள்ளை நூலின் வாலில் நீல நூலை முடிந்து வைத்திருக்கிறாள் மருமகள். கடுகளவு முடிச்சுதான். ஆனாலும் இந்த மிஷினில் நான் இன்றும் ஒருமுறை யோசித்துத்தான் கை வைக்கிறேன்.

அரியலூரிலிருந்து எங்கள் பெரம்பலூர் வீட்டுக்கு அவள் வாழ வந்தபோது சீர் சாமான்களோடு வந்தது அது. வெட்டிய துணியின் ஓரம் பிரியாமல் பின்னிக்கொடுக்கும் மிஷின். தையல் கடைகளில் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் வைத்திருந்து பார்த்ததில்லை. அவளுடைய அம்மா தம் கையால் நூல் கோத்து அனுப்பியிருந்தார். கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் அந்த அம்மா காலமானார்.

ஊசி நூல், மேல் நூல், அடி நூல் என மூன்று நூல்கள். அவை போகும் வழியில் துளையும் கொக்கியுமாகப் பதினாறு இடங்கள். எதையும் எண்ணாமல் எனக்கு மனம் அடங்காது. அந்தப் பதினாறுக்குப் பயந்தே யாரும் அதைப் புதிதாகக் கோப்பதில்லை. பழைய நூலின் வாலில் புதியதை முடிந்து மெல்ல இழுத்தால், அது போன வழியிலேயே இதுவும் போய்விடும். ஊசிக் கண்ணில் மட்டும் முடிச்சு நுழையாது; அங்கே வெட்டிக் கோக்க வேண்டும். மருமகள் அப்படியே செய்துவந்தாள். முழுதாகக் கோக்க அவள் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று அவள் குளிக்கப் போயிருந்தாள். பூஜையில் வைக்கும் எதிலும் அழுக்கு இருக்கக் கூடாது என்பவள் என் மனைவி. அரிவாள்மனையும் என் சைக்கிளும் பளபளத்தன. மிஷினில் பஞ்சும் எண்ணெயும் அப்பிக் கிடந்த நூல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக உருவி எறிந்துவிட்டுச் சந்தனம் வைத்தாள்.

மருமகள் வந்து பார்த்தாள். “நூலு எங்கங்க அத்த?”

“ஒரே பிசுக்கு, உருவிப்புட்டேன். நூலுதானே, கடத்தெருவுல கெடைக்காதா?”

“அது எங்கம்மா கோத்ததுங்க.”

அம்மா வைத்த நூல் எப்போதோ தையலில் தீர்ந்திருக்குமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அம்மா போட்ட வழியிலேயேதான் அவள் இத்தனை நாள் நூலை இழுத்து வந்திருக்கிறாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. வைத்த பொரி அன்று முழுக்க வைத்தபடியே கிடந்தது. மகன் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை ஷிப்டில் இருந்தான்.

மறுநாள் காலை அவள் மிஷினில் உட்கார்ந்தாள். மூடியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து நான் துளைகளை எண்ணிச் சொன்னேன். பதினாறும் சரி. ஆனாலும் நாலு தையல் ஓடியதும் நூல் அறுந்தது. ஏழாவது முறையும் அறுந்தபோது மிஷினை உறை போட்டு மூடினாள். உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

“அரியலூருக்குப் போறேன் மாமா.”

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. மகனுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு நூலுக்காகப் பெண் வீட்டைவிட்டுப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் வாசற்படியில் செருப்பை மாட்டும்போது அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஊசி நூலுதான் மொதல்ல வந்துச்சு. அடி நூலு எவ்ளோ இழுத்தும் வரல. ஊசி நூல உருவுன பொறவு கடசியாத்தான் வந்துச்சு.”

மருமகள் திரும்பினாள். “அதுக்கு?”

“கடசியா வந்தத மொதல்ல கோத்துப் பாரு. நீ ஊசியத்தானே மொதல்ல கோக்குற?”

கோத்ததைப் பார்த்தவர் யாரும் அங்கே இல்லை. அவிழ்ந்ததைப் பார்த்தவள் என் மனைவி ஒருத்திதான்.

மருமகள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உறையை எடுத்தாள். அவள் கோக்கக் கோக்க அடி நூல் துளைக்கு வெளியே வெளியே போனது.

“குடு இங்க. புடுங்குன கை இதுதானே” என்று மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். அடி நூல், மேல் நூல், கடைசியில் ஊசி என்று மூன்றையும் அவளே கோத்தாள். மருமகள் மிதித்தாள். துணியின் ஓரத்தில் பின்னல் ஓடியது. துணி தீர்ந்த பிறகும் சங்கிலியாக ஓடிக்கொண்டே இருந்தது. நான் எதையும் எண்ணவில்லை. பை எப்போது தரைக்கு வந்தது என்பதும் தெரியாது.

மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. துடைக்கும் வேலை இப்போது என்னுடையது. இன்று அந்த வெள்ளை நூலில் பிசுக்கு தெரிந்தது. துணியை அங்கே கொண்டுபோனேன்.

பின்னால் நின்ற மருமகள் சொன்னாள்: “அதுல கை வைக்காதீங்க மாமா. அத்த கோத்தது.”