கழுத்து வலிக்கு டைப்ரைட்டிங்

திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். மனு, பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எது கேட்டாலும் அடித்துத் தருவேன். பல வருஷமாக அத்தனையையும் இரண்டே விரலில் அடித்தேன். மற்ற எட்டு விரல்களும் சும்மா வேடிக்கை பார்க்கும். வேகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் எழுத்துகளைக் குனிந்து பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அதனால் சாயங்காலம் கடையை மூடும்போது கழுத்து ஒரு பக்கமாக இறுகிவிடும். யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவேன்.

என் மனைவி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்ட் வேலைக்கு உதவும் என்று ஊரிலேயே ஒரு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். அந்தக் காலத்து இரும்பு மிஷின்தான், பரீட்சையும் அதில்தான் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பத்து வெரலு எதுக்கு? ரெண்டு வெரலுலயே நம்ம குடும்பம் ஓடிக்கினு இருக்குது” என்றேன்.

“ஓடுது. கழுத்தப் புடிச்சிக்கினு ஓடுது” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், ஒரு பெரியவர் பட்டா மாறுதலுக்கு மனு சொல்லிக்கொண்டிருக்கிறார். இவள் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டியபடியே அடித்துக்கொண்டிருக்கிறாள். கீபோர்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “எழுந்திரும்மா, நான் அடிச்சிக் குடுக்கறேன்” என்றேன். பெரியவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“நீங்க இருங்க தம்பி. அந்தம்மாவே அடிக்கட்டும். நீங்க குனிஞ்சிக்கினா நான் யார்கிட்டப் பேசறதுன்னே தெரியல.”

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து விரலையும் கற்றே தீர்வது என்று முடிவு செய்தேன். ஆனால் சிரித்த வாயோடு அவள் வகுப்பிலேயே போய்ச் சேர முடியுமா? அதனால் விழுப்புரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில், காலை ஏழு மணி பேட்ச்சில் சேர்ந்தேன். வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. கழுத்து கைகொடுத்தது. விழுப்புரத்தில் கெட்டிக்கார பிசியோதெரபி டாக்டர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷன், சில மாதம் தினமும் வரச் சொல்கிறார் என்று அளந்தேன். அவள் அப்படியே நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, அன்றிலிருந்து தினமும் என் கழுத்துக்குத் தைலம் வேறு தேய்த்துவிட ஆரம்பித்தாள்.

இன்ஸ்டிட்யூட்டை நடத்தியது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். என்னைத் தவிர எல்லோரும் காலேஜ் பிள்ளைகள். முதல் நாளே அந்தப் பெண் என் மிஷினின் எழுத்துகளை ஒரு அட்டைப் பெட்டியால் மூடிவிட்டாள். கை பெட்டிக்குள்ளே இருக்கும், கண் புத்தகத்தில் இருக்க வேண்டும். நான் என் கையைத் தேடி நாலைந்து தடவை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

“சார், முதுகு!” என்று மேஜையில் ஸ்கேலால் தட்டுவாள். நிமிர்வேன். “சார், கால்!” என்பாள். பின்னிக்கொண்டிருக்கும் காலைப் பிரித்துத் தரையில் ஊன்றுவேன். அதற்குள் முதுகு பழையபடி வளைந்திருக்கும். முழங்கை கோழி இறக்கை மாதிரி விரிகிறது என்று இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு தாளை இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். தாள் விழாமல் அடிக்க வேண்டும். ஒரு வாரம் நான் அடித்ததைவிடக் குனிந்து தாள் பொறுக்கியதுதான் அதிகம்.

எல்லாவற்றையும்விட மோசம் இடது சுண்டுவிரல். ‘ஏ’ அடிப்பது அதன் வேலை. நாற்பத்திரண்டு வருஷமாக எந்த வேலையும் செய்யாத விரல், இரும்பு மிஷினில் திடீரென்று அழுத்து என்றால் எப்படி அழுத்தும்? சில நேரம் இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கும் சந்தில் விழுந்து மாட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் மெல்லத் தொட்டுவிட்டு வந்துவிடும். என் தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக இருக்க, ‘ஏ’ மட்டும் பென்சிலில் எழுதி அழித்த மாதிரி இருக்கும்.

ஆனாலும் ஒரு அதிசயம் நடந்தது. ஐந்தாறு வாரத்தில் கழுத்து வலி காணாமல் போய்விட்டது. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். வல்லத்தில் இருக்கும் அவள் அக்காவுக்கு உடனே போன் போட்டாள். அக்கா புருஷனுக்கு, அதாவது என் சகலைக்கு, மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு வலி. மறுநாள் சாயங்காலமே சகலை பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

“காலைல என்னையும் அந்த டாக்டராண்ட இட்டுக்கினு போ சகல” என்றார்.

விடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். விக்கிரவாண்டி வரை ஏதேதோ பேசிச் சமாளித்தேன். அதற்குமேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சகலை முதலில் என்னை முறைத்தார். பிறகு, முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“பொண்டாட்டிக்குப் பயந்து திருட்டுத்தனமா பள்ளிக்கூடம் போற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். வா, அத நான் பாத்தே ஆவணும்.”

வகுப்பில் ஓரமாக நின்றவரைப் புதிதாகச் சேர வந்தவர் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். “வாங்க சார், டெமோ கிளாஸ் இன்னிக்கே உக்காரலாம்” என்று ஒரு மிஷின் முன்னால் உட்கார்த்தினாள். மறுத்துப் பேசச் சகலைக்குக் கூச்சம். ஒரு மணி நேரம் ‘ஏ எஸ் டி எஃப்’ அடித்தார். அவர் குனிந்தபோதெல்லாம் ஸ்கேல் தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஆவலாகக் கேட்டாள். “எப்டி மாமா டாக்டரு?”

“டாக்டரம்மா பயங்கர ஸ்ட்ரிக்ட்டு. கொஞ்சம் குனிஞ்சாப் போதும், ஸ்கேல எடுத்துக்கினு வந்துடுது” என்றார் சகலை. “பத்து வெரலுக்கும் வேல குடுத்து பேஜாரு பண்ணிடுச்சி. ஆனா இடுப்பு தேவலாம்மா.”

“டாக்டரம்மாவா?” அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க டாக்டர் ஆம்பளன்னு இல்ல சொன்னீங்க?”

“ரெண்டு பேரு இருக்காங்க” என்று சொல்லிவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். சகலை சாம்பார் சோற்றைப் பிசைந்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை வந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே நாள், விழுப்புரத்தில் ஒரே பாலிடெக்னிக். நான் முதல் பேட்ச், அவள் இரண்டாவது பேட்ச். அவள் வருவதற்குள் எழுதிவிட்டு நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டு, வழக்கம்போல பிசியோ என்று சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பினேன். இன்ஸ்டிட்யூட் வேனில் மிஷின்கள் வந்திருந்தன. அவரவர் மிஷினை அவரவரே ஹாலுக்குத் தூக்கிப் போக வேண்டும். நான் என்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தடியைத் தாண்டினேன். எதிரே இன்னொரு வேனிலிருந்து ஒரு மிஷினை அதே மாதிரி அணைத்தபடி என் மனைவி வந்துகொண்டிருந்தாள்.

அவர்கள் இன்ஸ்டிட்யூட்டில் எல்லோரையும் காலையிலேயே வேனில் அழைத்து வந்துவிட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு பேரும் நின்றுவிட்டோம். ஓடவும் முடியாது, முகத்தை மூடவும் கை இல்லை. அவள் முதலில் மிஷினைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள்.

“கழுத்து வலிக்காரரு இம்மாம் வெயிட்டு தூக்கலாமாங்க?”

“இல்லம்மா... அது வந்து...”

“எத்தினி மாசமா நடக்குது இது?”

“நாலு.”

“நாலு மாசமா தைலம் தேய்ச்சனே!”

அவள் குரல் உடைந்தது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. மிஷின் வேறு கையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஹாலில் பெல் அடித்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“‘ஏ’ எழுத்து வுழுதா?” என்றாள்.

“லேசாத்தான் வுழுது.”

“சுண்டு வெரல அழுத்தி அடிங்க. போங்க, டைம் ஆச்சி.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உட்கார்ந்து, காலை ஊன்றி, முதுகை நிமிர்த்தி அடித்தேன். நன்றாகவே போனது. பாதியில் ஜன்னல் பக்கம் ஏதோ அசைந்தது. வெளியே என் மனைவி நின்றுகொண்டு, தோளை நிமிர்த்திக் காட்டி, நிமிருங்கள் என்று ஜாடை செய்தாள். நான் நிமிர்ந்தேன். மறுபடி புத்தகத்தைப் பார்த்தபோது எந்த வரியில் இருந்தேன் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு வரியில் தொடர்ந்தேன். இரண்டு வரியை விட்டுவிட்டேன் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் முதல் வகுப்பில் தேறினாள். நான் தேறவில்லை. ஜன்னலில் வந்து நின்றது யார் என்று கேட்டேன், நாலு மாசம் பொய் சொன்னது யார் என்று அவள் கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுவாரமே அவள் என்னைத் தன் இன்ஸ்டிட்யூட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் அடுத்த பரீட்சையான ஹையருக்கு, நான் மறுபடி அதே லோயருக்கு. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, ஒரே வண்டியில் போய் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்கிறோம்.