மடிக்காத இலை

காஞ்சிபுரத்தில் என் தங்கை கல்யாணம். பந்தியில் நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். தடித்த கண்ணாடி போட்ட மெட்ராஸ்காரர் ஒருவர் சாப்பிடுவதைவிட இலையோரம் விரலால் தாளம் போடுவதில் மும்முரமாக இருந்தார். என்ன வேலை என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர்பா. கணக்கு முடிஞ்சதும் மெமரில அது இருந்த இடத்தைக் காலி பண்ணணும். ஒண்ணொண்ணா பண்ணா லேட்டாவுது. பந்தி இலை மாதிரி மொத்தமா எடுக்க வெச்சேன். வேகமா ஓடுது, ஆனா முடியாத கணக்கும் காணாமப் போவுது, ஏன்னுதான் புரியல.”

யாரோ கூப்பிட, எழுந்து வாசலுக்குப் போனார். அதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட, இலை எடுப்பவர்கள் வரிசையோடு சேர்த்து அவர் இலையையும் பாயசத்தோடு சுருட்டிவிட்டார்கள்.

நான் பதறினேன். திரும்பி வந்தவர் வெறும் மேசையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“ஆளு எழுந்தா போதுமா? இலையை மடிச்சிருக்கானான்னு பாக்க வேணாமா? கணக்கு நடுவுல கொஞ்சம் நின்னாலே முடிஞ்சதுன்னு நெனச்சு, என் கம்ப்யூட்டரும் இதைத்தான்பா பண்ணிக்கினு இருக்குது!”

அடுத்த பந்திக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறப் போய்விட்டார். பாதிச் சாப்பாடு பறிபோனதற்கு அத்தனை சந்தோஷப்பட்டவரை நான் பார்த்ததே இல்லை.